பதினேழு அங்குல வழக்கு

1

என் மகளின் தலைமயிருக்காக நான் சித்தூர் ஜில்லாக் கோர்ட்டில் ஒன்றரை வருஷம் வழக்காடியிருக்கிறேன். இதைப் பினாங்குக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ஜெயித்தீரா தோற்றீரா என்று கேட்பார்கள். தோற்றிருந்தால் தைரியமாகச் சொல்லிவிடலாம். ஜெயித்துத் தொலைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மகள் சீனன் கடையில் போய் உட்கார்ந்து, மயிரைக் காது மட்டத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். வயது பத்தொன்பது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் உதவி உபாத்தியாயினி. இந்த ஊரில் இப்போது அதுதான் நாகரிகமாம். கிடங்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த நான், யாரோ சீனப் பெண் என்று நினைத்து, என் அரைகுறை மலாயில் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றேன். அவளும் மலாயிலேயே "உங்களைத்தான்" என்றாள்.

"எங்கே அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"கடைக்காரன் பெருக்கித் தள்ளிட்டான், நைனா."

ஒரு கோர்ட்டு, இரண்டு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு திருமலைத் தெய்வம் எல்லாருமாகச் சேர்ந்து கட்டி இழுத்த மயிர், கடைசியில் ஒரு சீனனின் துடைப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நினைத்துச் சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் தேநீர் போட அந்தப் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருஷமாகப் பின்னலுக்கு அடியில் இருந்த பிடரி வெளியே தெரிந்தது. அதில் நாலைந்து தழும்பு, பழைய காலணா அகலத்துக்கு, வெள்ளையாக.

"அது என்னம்மா தழும்பு?"

தடவிப் பார்த்துக்கொண்டாள். "இதுவா? இது உங்க கேஸ், நைனா" என்றாள். பிறகு, சர்க்கரை தீர்ந்துபோயிற்றா என்று கேட்டாள்.

2

சித்தூரில் இளையவர்களுக்கு என்னைத் தெரியாது. மூத்தவர்கள் மறந்திருந்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வரதராஜுலுவாகப் பிறந்து, சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவன். நிறையப் படித்த ஆள் என்று பேர். படிப்பு தலைக்கேறியவன் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள்தான் சரியாகச் சொன்னவர்கள்.

வாசகசாலையில் சனிக்கிழமை தோறும் விவாதம் நடக்கும். ஒரு தடவை, எந்த மதம் சிறந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்து மதத்துக்காகப் பேச வேண்டிய உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேச ஆளில்லையே என்ற ஒரே காரணத்துக்காக நான் எழுந்தேன். பேச்சு எனக்கே பிடித்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமையும் பேசினேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் பேசினேன். மூன்றாவது வாரம் எதிர்க்கட்சியில் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. இவ்வளவு பலமான நியாயத்தைக் கேட்டுவிட்டு மாறாமல் இருப்பது அறிவுள்ளவனுக்கு அழகா என்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னையே கேட்டுக்கொண்டேன். பாதிரியார் நல்ல மனுஷர். "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே" என்றார். தாமதம் கூடாது என்பதற்கு அவருக்கே நாலு வசனம் எடுத்துச் சொல்லி, யோசேப்பு வரதராஜுலு ஆனேன்.

சித்தூரில் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர்கள் ஒவ்வொருவராக என் கையைக் குலுக்கினார்கள். குலுக்கின கையை விடாமலே, "நீங்க முன்னாடி என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள்.

என் மனைவி கனகம்மா எதையும் கேட்கவில்லை. வெதுருகுப்பத்துக்காரி. அவள் வீட்டாருக்கு நிலமும் உண்டு, வாயும் உண்டு. நான் ஞானஸ்நானம் பெற்ற மூன்றாம் நாள், நாலு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெதுருகுப்பத்துக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டாள். பெண்ணுக்கு அவள் வைத்த பேர் அலமேலு. நான் அப்போதுதான் எஸ்தர் என்று மாற்றியிருந்தேன்.

அந்தப் பெண்ணின் தலையில் பிறந்த மயிர் அப்படியே இருந்தது. அவளுக்கு முன்னே இரண்டு குழந்தை தங்காமல் போனதால், இது தங்கினால் ஐந்தாம் வயதில் திருமலையில் மொட்டை போடுகிறோம் என்று வேண்டுதல். அந்த வருஷம் கனகம்மாவின் தகப்பனார் காலமானார். வருஷம் திரும்பாமல் மலை ஏறக் கூடாது. வேண்டுதல் தள்ளிப்போயிற்று. மயிர் வளர்ந்துகொண்டே போயிற்று.

3

மதம் மாறியவனை மனைவி விட்டுப் போனால், அவன் கல்யாண முடிச்சை அவிழ்த்து விடுவதற்குச் சர்க்கார் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. ஜட்ஜ் அந்த மனைவியைத் தனியே அழைத்து, இவரோடு வாழச் சம்மதமா என்று கேட்பார். இல்லை என்றால், யோசிக்க ஒரு வருஷம் தருவார். ஒரு வருஷம் கழித்தும் இல்லை என்றால் கல்யாணம் ரத்து.

நான் மனுப் போட்டேன். ஜட்ஜ் துரை இங்கிலீஷில் கேட்டார். துபாஷி அதைத் தெலுங்கில் கேட்டார். கனகம்மா தமிழில் பதில் சொன்னாள். அந்தப் பதில் மறுபடி இங்கிலீஷாகிக் காகிதத்தில் இறங்கியபோது, 'எதிர்மனுதாரர் மறுக்கிறார்' என்று ஒரே வரியாக இருந்தது. உள்ளே அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பதைத் துபாஷி பிற்பாடு டீக்கடையில் எனக்கே நடித்துக் காட்டினார்.

"எனக்கு யோசிக்க ஒரு வருசம் குடுக்கறாரே தொர, அந்த ஆளு மாறச்சொல்லோ ஒரு நாளாவது யோசிச்சாரான்னு கேளுங்க."

ஒரு வருஷம் ஆயிற்று. அவள் வந்து அதையே சொன்னாள். கல்யாணம் ரத்தாயிற்று. வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாள்.

"வாத்தியாரே" என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். எட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "த, இங்க பாருங்க" தான். விவாகரத்தில் எனக்குக் கண்கூடாகக் கிடைத்தது இந்த ஒன்றுதான்.

"புருசன் உயிரோட கீறப்பவே அத்துப்போச்சுன்னா, தாலிய இன்னா பண்றதுன்னு தொரகிட்ட கேட்டேன். அது சட்டத்துல இல்லியாம். நீ படிச்சவனாச்சே, நீ சொல்லு."

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள்.

4

இங்கே பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஒரு பாரம் பூர்த்தி செய்யச் சொல்கிறார்கள். அதில் மதம் என்று ஒரு கட்டம். என் மகள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுகிறாள். பெயர் என்ற கட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு எஸ்தர். சீனத் தோழிகள் கூப்பிடுவது ஆ மெய். அலமேலுவில் அவர்கள் நாக்குக்கு அகப்பட்டது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்குகிறாள். சீனர் வருஷப்பிறப்புக்கு மட்டும் விடியற்காலையில் எழுந்து குளிக்கிறாள். ஒரு நாள் தைரியம் வந்து, "அந்தக் கோட்டுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"வாய்தா, நைனா" என்றாள்.

வாய்தா என்ற சொல் அவளுக்கு ஆறு வயசிலேயே தெரியும். விவாகரத்து முடிந்த கையோடு, மகளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும், கிறிஸ்தவப் பெண்ணாக வளர்க்கத் தகப்பனுக்குத்தான் உரிமை என்று நான் மனுப் போட்டேன். என் மனுவில் அவள் எஸ்தர். கனகம்மாவின் பதில் மனுவில் அலமேலு. இரண்டில் ஒன்றைச் சொன்னால் பட்சபாதம் ஆகிவிடும் என்று கோர்ட்டில் அவளை 'மைனர்' என்றே சொன்னார்கள். நாலாவது வாய்தாவுக்குள், மைனர் என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வருஷம் திரும்பிவிட்டது, கனகம்மா மகளை மலைக்கு அழைத்துப் போகப் போகிறாள் என்று எனக்குச் செய்தி வந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. 'மைனரின் மயிரை நீக்குவது, பின்னால் திருத்த முடியாத மதச் சடங்கு. வழக்கு முடியும் வரை அதற்குத் தடை விதிக்க வேண்டும்.' இந்த வாக்கியத்தை என் வக்கீல் எழுதவில்லை, நானே எழுதினேன். அன்று முழுக்க அதைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கனகம்மாவின் வக்கீல் சும்மா இருப்பாரா? அப்படியானால் தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் ஞானஸ்நானமும் திருத்த முடியாததுதானே என்றார். ஜட்ஜ் இரண்டையும் தடுத்தார். கடைத்தெருவில் இதைச் சுருக்கமாகச் சொன்னார்கள்: அந்தப் புள்ள தலையில கத்தியும் படக் கூடாது, தண்ணியும் படக் கூடாது.

உண்மையாகவே அப்படித்தான் ஆயிற்று. தலைக்குக் குளிப்பாட்டினால் அது தடையில் அடங்குமா என்று கனகம்மாவின் வக்கீல் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்கு வாய்தா. வாய்தா அன்று துரை முகாம் போய்விட்டார். மறு வாய்தாவுக்கு என் வக்கீலுக்கு வயிற்றுவலி.

இதற்கு நடுவே, மயிர் தடையுத்தரவுப்படி இருக்கிறதா என்று பார்த்து வரக் கோர்ட் அமீனா ஒருவர் வெதுருகுப்பம் போனார். தையற்காரனின் அளவு நாடா ஒன்று கொண்டுபோயிருந்தார். அவர் எழுதிய ரிப்போர்ட்டின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மைனரின் பின்னல் ஒன்று. நீளம் பதினேழு அங்குலம். இடது காதோரம் மட்டும் கொஞ்சம் குட்டை. விசாரித்ததில் எலி கடித்ததாக மைனர் தெரிவிக்கிறார்.' பிறகு மைனரின் கைநாட்டு.

மழைக்காலம் வந்தது. குளிக்காத தலையில் பேன் பிடித்தது. பேன் என்றால் வீட்டுக்கு வீடு இருக்கும் பேன் அல்ல. சொறிந்து சொறிந்து பிடரியெல்லாம் புண். புண் பழுத்து மயிரோடு ஒட்டிக்கொண்டது. ஆரோக்கியத்தை உத்தேசித்து மயிரைக் கத்தரித்துவிட அனுமதி வேண்டும் என்று கனகம்மா மனுப் போட்டாள். என் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தந்திரம், சார். கத்தரிச்ச மயிரு நேரா திருப்பதிக்குப் போயிடும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் பிரமாண வாக்குமூலம் கொடுத்தேன். பேன் என்பது சாதாரண உபத்திரவம், அதற்கு வேப்பெண்ணெயும் ஈர்கொல்லியும் போதும் என்பதற்கு இரண்டு வைத்திய நூல்களை மேற்கோள் காட்டினேன். சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். துரை அந்த வாக்குமூலத்தை மிகத் தெளிவாக எழுதப்பட்டது என்று பாராட்டினார்.

அன்று கோர்ட் வராந்தாவில் கனகம்மா சுவரோரம் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பேன் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கடந்து போனேன். நகத்தில் ஒன்றை நசுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாத்தியாரே, இப்பிடி வா. இது இன்னா மதம்னு பாத்து எழுதிக்க. கேஸுக்கு ஒதவும்."

சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் வக்கீலின் குமாஸ்தாவும் ஒருவர். மகள் தலையைத் தூக்கவில்லை. மடிக்குள்ளிருந்து, "அம்மா, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னாள். அந்த மனு மூன்று வாய்தா போயிற்று.

5

நாலாவது வாய்தாவுக்கு முன்னால் ஜுரம் வந்துவிட்டது. புத்தலப்பட்டு வழியாக வண்டியில் படுக்க வைத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஆள் வந்து சொன்னான். போனேன்.

டாக்டர் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மொதல்ல இந்த மயிரை எடுங்க. தலை நெருப்பா இருக்கு" என்றார்.

கத்தரிக்கோலோடு வந்த ஆளின் கையைக் கனகம்மாவே பிடித்துக்கொண்டாள். "கோர்ட்டு ஆர்டரு கீது, ஐயா. வெட்டினா புள்ளய அவருகிட்ட குடுத்துடுவாங்க."

டாக்டருக்குக் கோர்ட் என்றதும் கை பின்வாங்கியது. இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தால் வெட்டுகிறேன் என்றார். கனகம்மா உடனே ஒரு காகிதத்தில் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை என் பக்கம் நீட்டினாள். அப்போது பகல் பன்னிரண்டரை மணி.

"போடு, வாத்தியாரே."

போட்டிருக்கலாம். பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து, ஒரு சம்மதப் பத்திரம் தயார் செய்தார். வெட்டிய மயிர் முழுவதையும் அங்கேயே கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், எதிர்மனுதாரர் கைக்குப் போகக் கூடாது என்று நிபந்தனை. குமாஸ்தா நல்ல எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார். அதில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. நான் தமிழ் வாத்தியார். திருத்தி வேறு காகிதத்தில் எழுதச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது நாலரை மணி. மகளுக்குப் பிதற்றல் கண்டிருந்தது. கோர்ட் சேவகன் வாசலில் நின்று கூப்பிடுகிற அதே ராகத்தில், "மைனர் ஆஜர்! மைனர் ஆஜர்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கனகம்மா என் நிபந்தனையைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மயிரைக் கட்டி முத்திரை வைத்தோம். அரக்குச் சூட்டில் இரண்டு பேன் வெளியே ஓடிவந்து முத்திரையோடு உறைந்துபோயின. அந்த வழக்கில் கடைசிவரை பேச்சு மாறாத சாட்சிகள் அவை இரண்டுதான்.

6

பிழைத்துக்கொண்டாள். ஒட்ட வெட்டிய தலையோடு அவளைத் துரை தம் அறைக்கு அழைத்து, யாரிடம் இருக்க ஆசை என்று கேட்டார். "யாரு தலைய அரிக்காம பாத்துக்கறாங்களோ அவங்ககிட்ட" என்றாளாம். விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயது மைனருக்கு வரவில்லை என்று துரை எழுதினார். தகப்பனின் மதமே குழந்தையின் மதம். மகள் எனக்கு. தாயார் முன்கூட்டி எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கலாம். கோயிலுக்குக் கூட்டிப் போகக் கூடாது. முத்திரை வைத்த பொட்டலத்தைத் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்ற கனகம்மாவின் மனு தள்ளுபடி. அந்தப் பொட்டலத்தை நான் மனுப் போட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஜெயித்தவனுக்கு எதையாவது வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாமா?

மகளைத் தர்மாவரம் லைனில் ஓர் ஊரிலிருந்த மிஷன் போர்டிங்கில் சேர்க்க ஏற்பாடு. சித்தூரிலிருந்து போனால் பாகாலாவில் வண்டி மாற வேண்டும். எங்களோடு உபதேசியாரும் வந்தார். பாகாலா ஸ்டேஷனில் எங்கள் வண்டி தயாராக நின்றது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன். எதிரே, திருப்பதி வண்டியிலிருந்து இறங்கிய ஒரு மொட்டைத்தலைப் பெண்பிள்ளை, தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு, நேராக எங்களைப் பார்த்து வந்தாள்.

நல்ல காரியமாகப் புறப்படும்போது எதிரே மொட்டைத்தலை விதவை. என் கால் தானாக நின்றது. மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி நடந்து, கொட்டகைக்குள் போய், பெஞ்சியில் உட்கார்ந்து, கூஜாவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அவளுக்கும் ஒரு மிடறு கொடுத்தேன். சகுனத் தடைக்கு எங்கள் வீட்டில் செய்கிறபடி எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஞானஸ்நானம் பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"நைனா, அது அம்மா" என்றாள் மகள்.

பார்த்தேன். கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தாலி இருந்தது. நான் கட்டியது.

"இன்னா வாத்தியாரே, ஏசு சாமி சகுனம் பாக்கச் சொல்லிகீறாரா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உபதேசியார் கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி கண்ணு. ஒரு தபா தூக்கிட்டு குடுத்துடறேன்."

நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட படித்த மனுஷன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும், நான் செய்திருக்கிறேன். "முன்கூட்டி எழுத்து மூலம் தெரிவிக்கவில்லையே" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். நான் மகளைத் தூக்கி வண்டியில் வைத்தேன். மகள் ஜன்னலை எட்டினாள். வெயில் படுகிறது என்று சொல்லி மரப்பலகையை இறக்கிவிட்டேன். அந்தப் பக்கம் வெயில் இல்லை.

7

பாகாலாவில் நடந்தது எனக்கு முன்னால் சித்தூர் வந்து சேர்ந்துவிட்டது. சகுனம் பார்க்கும் கிறிஸ்தவனை வேடிக்கை பார்க்க வாசகசாலைக்குக் கூட்டம் வந்தது. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தேன். பிறகு, மகளைப் போர்டிங்கிலிருந்து எடுத்துக்கொண்டு, பினாங்கில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி வேலை என்றதும் கப்பலேறிவிட்டேன். வருகிற மூட்டையை எண்ணி, போகிற மூட்டையை எண்ணி, இரண்டும் ஒன்றாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். வாதத்துக்கு இடமில்லாத வேலை.

பொட்டலம் என்னோடு வந்தது. ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு அது அங்கே இருப்பது பிடிக்கவில்லை. டப்பாவோடு கனகம்மாவுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். வேண்டுதலை இப்போதாவது அவள் நிறைவேற்றிக்கொள்ளட்டும். இது பெரிய மனதுக்காரன் செய்கிற காரியம் என்று எனக்குத் தோன்றியது. என் மதமாற்றத்துக்குப் பிறகு எனக்கு இப்படித் தோன்றியது இதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தபாலாபீஸில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் பாரத்தை எடுத்தார்.

"உள்ளுக்கு என்ன சாமான்?"

"தலைமயிர்."

"ஆற்றை மயிர்?"

"என் மகளுடையது."

பேனாவைக் கீழே வைத்தார். "ஐயோ, பிள்ளை மோசம் போயிட்டுதோ?"

"இல்லை. சாகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். மயிர் என்று எழுதினால் சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், என்ன உபயோகத்துக்கு என்று கேட்பார்கள், சமயக் காரியமா வியாபாரமா என்று சொல்ல வேண்டும் என்றார். சமயக் காரியம் என்றால் எந்தச் சமயம்? நான் பாரத்தை வாங்கி, 'பழைய கோர்ட் ரிகார்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

இவ்வளவையும் எழுதி, பதில் வந்ததும் சித்தூர்ப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். இரண்டு மாதம் பொறுத்துப் பதில் வந்தது. ஆனால் எனக்கு வரவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"நைனா, அம்மா கடுதாசி போட்டிருக்காங்க."

"எந்த அம்மா?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"எனக்கு ஒருத்திதான்."

நாலு வருஷமாகப் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கிறதாம். வெதுருகுப்பம் தபால்காரர், கனகம்மா சொல்லச் சொல்ல, ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறாராம். எனக்கு உண்டான பாகத்தை மட்டும் மகள் நின்றபடியே படித்தாள்.

"'வாத்தியாரு அனுப்பின டப்பா வந்துது. இத்த இன்னாத்துக்கு இப்ப அனுப்பினாருன்னு தெரியல. புள்ளைக்கு மூணு கத்திரி அப்பவே குடுத்தாச்சு. கோர்ட்டுல தட வாங்கப் போறாருன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே மலைக்கு இட்டுக்கினு போயி, காதண்ட மூணு கத்திரி போட்டு சாமிக்கு சேத்துட்டேன். முழு மொட்ட போட்டா கண்ணுக்குத் தெரியும். இத்த வெளிய சொன்னா புள்ளய அன்னிக்கே புடுங்கிடுவாங்கன்னு வக்கீலு வாயத் தொறக்காதன்னாரு. நான் மொட்ட போட்டது வேற. அது ஜொரத்துக்கு வேண்டிக்கினது.'"

மொட்டை போட முடியாதவர்கள் மூன்று தடவை கத்தரித்துக் கொடுத்தால் போதும், முழு முடியாகவே சாமி ஏற்றுக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. நகரியில் என் அத்தைகள் எல்லாரும் மூன்று கத்திரிதான் கொடுத்தார்கள். வைத்திய நூல் இரண்டு ஞாபகம் வந்த எனக்கு இது ஒன்று ஞாபகம் வரவில்லை. எந்தச் சடங்கைத் தடுக்க நான் கோர்ட்டுக்குப் போனேனோ, அது நான் படியேறுவதற்கு முன்பே முடிந்திருந்தது. பேனுக்காக அவள் போட்ட மனு, பேனுக்காகத்தான்.

"அப்போ, எலி?" என்றேன்.

"எலின்னு சொல்லுன்னாங்க. சொன்னேன்." கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வெட்டிய மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. படிக்கட்டுமா?"

"படி."

"'மயிர எருக்குழில கொட்டிட்டேன். டப்பா நல்லா கீது, மூடி கெட்டியா கீது. மொளகாத்தூளு போட்டு வெச்சிகினேன். அதே மாரி இன்னும் ரெண்டு இருந்தா அனுப்பச் சொல்லு.'"